விரல் இழந்தவரின் கடைசிக் கச்சேரி

2025 ஜூலை 5ஆம் தேதி, சனிக்கிழமை, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில் பிளாக் சபாத் என்ற ராக் இசைக்குழு தன் கடைசிக் கச்சேரியை நடத்தியபோது, நான் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டின் முன்னறையில் பாய் விரித்து, மாமாவுடன் உட்கார்ந்திருந்தேன். மைதானத்தில் 40,000 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். நுழைவுச்சீட்டுகள் விற்பனைக்கு வந்த வேகத்திலேயே தீர்ந்திருந்தன. தீராமல் இருந்திருந்தாலும் விசாவும் விமானச் செலவும் என் சம்பளத்துக்கு எட்டியிருக்காது. ஷார்ஜாவில் இருக்கும் பழைய ஹாஸ்டல் நண்பர் எனக்கும் சேர்த்து நேரலைக்குப் பணம் கட்டினார். இருந்தாலும், அந்தக் கச்சேரிக்குப் போயிருந்தாயா என்று யாராவது கேட்டால், போயிருந்தேன் என்றுதான் எனக்குச் சொல்ல வருகிறது.

நான் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை செய்கிறேன். தகட்டை வெட்டவும் வளைக்கவும் பவர் பிரஸ்ஸில் மாட்டுகிற டை, பஞ்ச் ஆகியவற்றைச் செய்வதும் பழுது பார்ப்பதும் என் தொழில். எங்கள் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் கேரளத்தில் இருந்தாலும் வீட்டிலும் கடையிலும் காட்டிலும் தமிழ்தான். வேலந்தாவளத்தைத் தாண்டினால் தமிழ்நாடு, மேற்கே சித்தூர் டவுனுக்குள் நுழைந்தால் மலையாளம். படிப்பு முடிந்த பையன்களில் பாதிப்பேர் கோயம்புத்தூர்ப் பட்டறைகளுக்கும் மீதிப்பேர் கஞ்சிக்கோட்டுக்கும் பஸ் ஏறுவோம். ஆக, எங்கள் ஊரில் இரும்புச் சத்தம் கேட்காத குடும்பம் குறைவு. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த இசைக்குழுவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பேய், சாத்தான், கறுப்புச் சட்டை என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுகிறார்கள். இந்தக் குழுவின் இசையில் நான் கேட்டதெல்லாம் பட்டறையைத்தான்.

1997இல் மலம்புழை ஐ.டி.ஐ.யில் படித்துக்கொண்டிருந்தபோது, கோட்டயத்துக்கார நண்பர் ஒருவர் தொண்ணூறு நிமிட கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தை வாக்மேனில் போட்டு, ஒரு காதுக்கு மட்டும் கொடுத்தார். மழைச் சத்தமும் கோயில் மணி போல ஒரு மணியும் கேட்டன. பிறகு கிடாரில் மூன்றே சுரங்கள், மிகவும் மெதுவாக, கனமாக இறங்கின. பகல் முழுவதும் மிஷின் ஷாப்பில் நின்றுவிட்டு வந்த காது அது. கிளட்ச் பிடிக்கும்போது வரும் முனகல், பிரஸ்ஸில் மேலிருந்து இறங்கி அடிக்கும் பாகமான ராம் இறங்கும்போது தரையில் பரவும் அடி, தகடு டையிலிருந்து பிரியும்போது வரும் நெளிவு, இந்த மூன்றையும் யாரோ பாட்டாக்கியிருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. இன்னொரு காதுக்கான குமிழையும் நண்பரிடமிருந்து வாங்கிக்கொண்டேன். அந்தக் கேசட் அவரிடம் திரும்பிப் போகவே இல்லை.

அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்பதை சில வருடங்கள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். நால்வரும் பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். பாடகர் ஆஸி ஆஸ்பார்னின் அப்பா இரவு ஷிப்டில் வேலை பார்த்த டூல் மேக்கர், அம்மாவும் ஆலைக்குப் போனவர். குழுவினர் கழுத்தில் தொங்கிய அலுமினியச் சிலுவைகளைச் செய்து கொடுத்தது ஆஸியின் அப்பாதான் என்று படித்த நாளில், டூல் ரூமில் கையில் அரத்தை வைத்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆஸியே கார் ஹாரன்களுக்குச் சுருதி சேர்க்கும் வேலையிலும், ஆடுமாடு வெட்டும் கூடத்திலும் இருந்திருக்கிறார்.

ஆனால் எனக்கு எல்லாமே கிடாரிஸ்ட் டோனி ஐயோமிதான். பதினேழு வயதில் தகட்டு ஆலையில் வெல்டராக இருந்தவர், ஒரு இசைக்குழுவோடு ஐரோப்பாவுக்குப் போகப்போவதால் வேலையை விட்டார். கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், இனிமேல் திரும்பிப் போகவேண்டாம் என்று நினைத்திருக்கிறார். எடுத்த வேலையை முழுதாக முடித்துவிட்டு வா என்று அவருடைய அம்மா அனுப்பியிருக்கிறார். அன்று தகடு வளைத்துக் கொடுக்கும் ஆள் வராததால், பழக்கமில்லாத பிரஸ்ஸில் இவரை நிறுத்தினார்கள். பிரஸ் இறங்கி வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிரவிரல் நுனியும் போயின. இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பதால் தந்தியை அழுத்தும் கை அவருக்கு அந்த வலது கைதான்.

மனம் விட்டிருந்தவருக்கு ஆலையின் மேலாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கியும் மற்ற இரண்டை வைத்தே வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிடாரிஸ்டின் தட்டு அது. அதைக் கேட்ட பிறகு ஐயோமி, பாத்திரம் கழுவும் திரவம் வந்த காலி பிளாஸ்டிக் புட்டியை உருக்கி உருண்டையாக்கி, சூடான சால்டரிங் அயர்னால் துளைத்து, விரலுக்குப் பொருந்தும்வரை உப்புத்தாளால் தேய்த்து, தந்தி வழுக்காமல் இருக்க மேலே பழைய தோல் சட்டையின் துண்டை ஒட்டி, தனக்கான விரல் நுனிகளைத் தானே செய்துகொண்டார். கடையில் மெல்லிய கிடார்த் தந்தி கிடைக்காத காலம் என்பதால் பாஞ்சோத் தந்திகளைக் கட்டினார். 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் தந்திகளை மூன்று சுரஸ்தானம் தாழ்த்தித் தளர்த்திக்கொண்டார். அந்தத் தளர்வில் பிறந்த கனத்தைத்தான் பிறகு வந்தவர்கள் உலகமெங்கும் எடுத்துக்கொண்டார்கள். அடிபட்ட விரலுக்கு நோகக்கூடாதே என்று ஒரு ஃபிட்டர் செய்துகொண்ட ஏற்பாடாகவே நான் இதையெல்லாம் பார்க்கிறேன். டூல் ரூமில் நாங்களும் அப்படித்தான் செய்வோம்: பாகம் கிடைக்காவிட்டால் இருப்பதைக் கொண்டு ஒன்றைச் செய்துகொள்வோம்.

என் மாமா, அம்மாவின் தம்பி, 1993இல் கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பட்டறையில் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். காலால் மிதித்தால் இறங்கும் பிரஸ் அது. இப்போது எங்கள் ஆலையில் இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் ராம் இறங்கும். கை உள்ளே இருக்க வழியே இல்லை. மாமாவின் காலத்தில் கை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் இரவு அந்தக் கணக்கு தப்பியது. அவருக்கும் வலது கைதான், அவருக்கும் இரண்டு விரல் நுனிகள்தான். பட்டறைக்காரர்கள் ஆஸ்பத்திரிச் செலவோடு முடித்துக்கொண்டார்கள்.

அதுவரை மார்கழி மாதம் முழுவதும் எங்கள் ஊர் பஜனையில் ஆர்மோனியம் வாசித்தவர் மாமா. அதிகாலை நான்கரை மணிக்கு மாரியம்மன் கோயிலில் ஆரம்பித்துத் தெருத்தெருவாகப் போகும் பஜனையில், கழுத்தில் துண்டு கட்டி ஆர்மோனியத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு அவர் நடப்பது எனக்கு இப்போதும் கண்ணில் இருக்கிறது. அந்த வருடத்து மார்கழியில் அவர் ஜால்ரா போட்டுக்கொண்டு பின்வரிசையில் வந்தார். அடுத்த வருடம் வரவில்லை. ஆர்மோனியம் பரணில் ஏறிவிட்டது.

ஐயோமியின் கதையை முதலில் அவரிடம்தான் சொன்னேன். அப்போது அவர் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்த முதல் ஆல்பத்தின் முதல் பாட்டை, மூன்று சுரம் இறங்கும் அந்தப் பாட்டை, டேப் ரிக்கார்டரில் போட்டபோது தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"கீழ்ஸட்ஜம், மேல்ஸட்ஜம், அப்புறம் பிரதி மத்யமம். அவ்வளவுதான் மாப்ளே. ஆனா பாரு, பஞ்சமத்தத் தொட்டுத் தொட்டுத் திரும்பறான், அதுல நிக்க மாட்டீங்கறான். அதான் உனக்கு வயித்தப் பெசையுது" என்றார்.

ஸட்ஜத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் உள்ள அந்த இடைவெளியை ஐரோப்பாவின் பழைய இசைக்காரர்கள் இசைக்குள் இருக்கும் சாத்தான் என்று பெயரிட்டு அழைத்ததைப் பல இடங்களில் படித்திருக்கிறேன். கல்யாணியிலும் பந்துவராளியிலும் அந்தச் சுரத்தோடு பிறந்து வளர்ந்த நமக்கு அதில் சாத்தான் ஒன்றும் தெரிவதில்லை. பஞ்சமத்தில் நிற்க விடாததுதான் அந்தப் பாட்டின் பயம் என்று மாமா சொன்னதைவிடச் சரியான விளக்கத்தை இதுவரை எந்த எழுத்திலும் நான் பார்க்கவில்லை.

வழியனுப்பு விழாவுக்கு முன்னாலும் இந்தக் குழு ஒரு முறை விடைபெற்றிருக்கிறது. 1979இல் ஆஸி வெளியேற்றப்பட்டதும், 1997இல் நால்வரும் மறுபடி சேர்ந்ததும், பிறகு பிரிந்ததும் சேர்ந்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. 2017 பிப்ரவரி 4 அன்று பர்மிங்காமிலேயே இறுதிக் கச்சேரி என்று ஒன்றை நடத்தி முடித்தார்கள். அதில் டிரம்மர் பில் வார்டு இல்லை. எனக்கு அந்த விடைபெறல் மனதில் ஒட்டவே இல்லை. நான்கு பேர் சேர்ந்து ஏற்றிய பாரத்தை மூன்று பேர் இறக்கி வைத்தது போல இருந்தது. ஆகவே 2025 பிப்ரவரியில், நால்வரும், வார்டு உட்பட, தாங்கள் வளர்ந்த ஆஸ்டனிலேயே வாசிக்கப்போகிறார்கள், வருவாய் பார்கின்சன் நோய் ஆராய்ச்சிக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் தீரா நோயுள்ள குழந்தைகளைப் பராமரிக்கும் இல்லத்துக்கும் போகும் என்று செய்தி வந்தபோது, ஆலையின் சைக்கிள் ஸ்டாண்டில் நின்று அதை மூன்று முறை படித்தேன். வார்டு கடைசியாக இவர்களோடு மேடையில் இருந்தது 2005இல்.

அன்று எங்கள் ஊரில் ஆனிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று தென்னை ஓலைகளை ஒரே பக்கமாகச் சீவிவிடும் மாதம் அது. சாயங்காலமே இரண்டு முறை மின்சாரம் போய் வந்ததால், இன்வெர்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி, தொலைக்காட்சியை மட்டும் அதில் இணைத்து, மற்ற விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டேன். மாமா எட்டு மணிக்கே வந்துவிட்டார். வரச்சொல்லி நான் கூப்பிடவில்லை. நான் ராத்திரி முழுக்க முழித்திருக்கப்போகிறேன் என்று அம்மா அவரிடம் சொல்லியிருக்கிறார்.

பகல் முழுவதும் மற்ற குழுக்கள் வாசித்தன. மெட்டாலிகா, கன்ஸ் அண்ட் ரோஸஸ், ஸ்லேயர், டூல், பான்டெரா, கோஜிரா என்று இவர்களைக் கேட்டு வளர்ந்த பெரிய பெயர்கள் வரிசையாக வந்து, தங்கள் பாட்டோடு சபாத்தின் பாட்டையும் வாசித்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியாக எழுதலாம். எனக்கு அன்று அவர்கள் எல்லாரும் கல்யாண வீட்டு முன்வாசலில் நிற்கும் உறவுக்காரர்கள். என் கண் உள்ளே இருந்தது. மாமா இடையில் இரண்டு மணி நேரம் தூங்கினார்.

பின்னிரவில் முதலில் ஆஸி மட்டும் வந்தார். பார்கின்சன் நோயாலும் முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சைகளாலும் நிற்க முடியாதவர், மேடைக்குக் கீழிருந்து ஒரு கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே எழும்பி வந்தார். ஆறு வருடங்களாகப் படுத்த படுக்கையாக இருந்தேன், உங்களுக்கு நன்றி என்ற பொருளில் அவர் சொன்னபோது என் மனைவி சமையலறைக் கதவோரம் வந்து நின்றாள். தன் தனிப் பாடல்களில் ஐந்தைப் பாடினார். வீடு திரும்பப்போவதாகச் சொல்லும் மெல்லிய பாட்டு ஒன்று வந்தபோது அவர் குரல் உடைந்தது. மைதானமே அதை எடுத்துப் பாடியது. அவர் பிள்ளைப் பருவத்தில் இருந்த லாட்ஜ் ரோடு வீடு அந்த மைதானத்திலிருந்து நடந்து போகும் தூரம்தான். அவர் கைகள் சிம்மாசனத்தின் கைப்பிடிகளை அழுத்தி, எழுந்துவிட முடியும் என்பது போல உடம்பைத் தூக்கப் பார்த்து, மறுபடி தணிந்தன. அவர் அதைப் பாட்டுக்குப் பாட்டு செய்தார். உட்கார்ந்திருப்பவருக்குள் பழைய ஆள் குதித்துக்கொண்டிருப்பது வெளியே தெரிந்தது.

பிறகு நால்வரும் வந்தார்கள். எச்சரிக்கைச் சங்கின் ஓலத்தோடு போருக்கு எதிரான அந்தப் பாட்டில் ஆரம்பித்தார்கள். மொத்தமே நான்கு பாட்டுகள்தான். ஐயோமிக்கும் வார்டுக்கும் 77 வயது, ஆஸிக்கு 76, பாஸ் வாசிக்கும் கீசர் பட்லருக்கு 76 ஆக இன்னும் 12 நாள். வார்டு சட்டையைக் கழற்றிவிட்டு டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தார். சில இடங்களில் தாளம் ஒரு இழை பிந்தியது என்று யாராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் வேறு யார் வாசித்தாலும் அந்தப் பாட்டுகளில் வராத ஒரு அசைவு, பாரவண்டி மேடேறும்போது நுகம் ஆடுவது போன்ற அசைவு, எட்டு வருடத்துக்கு முன் நடந்த விடைபெறலில் நான் கேட்டுக் கிடைக்காத அசைவு, இவர் உட்கார்ந்ததும் வந்துவிட்டது.

கேமரா ஒரு முறை ஐயோமியின் வலது கைக்கு மிக அருகில் போனது. அதற்காகத்தான் காத்திருந்தேன் போலிருக்கிறது. நடுவிரலிலும் மோதிரவிரலிலும் அந்த உறைகள், அருகில் இருக்கும் விரல்களைவிடக் கொஞ்சம் தடித்து, தந்தியின் மேல் உட்கார்ந்து நகர்ந்தன. அழுத்தும் ஒவ்வொரு முறையும் விரல் தந்தியை உணர்வதில்லை, காதுதான் உணர்கிறது. அறுபது வருடமாக அப்படி. மாமா பாயிலிருந்து எழுந்து தொலைக்காட்சிக்கு முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்தார்.

"இதானா மாப்ளே?"

"ஆமாங்க மாமா. அந்த ரெண்டு வெரலுதான்."

"மேல ஒட்டியிருக்கறது தோலா?"

"தோலுதானுங்க. தந்தி வழுக்காம இருக்கறதுக்கு."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் வலது கையைத் தொடையின் மேல் வைத்து, மழுங்கிய இரண்டு விரல்களையும் மெல்ல நகர்த்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆர்மோனியத்துக்குத் தோலு ஆகாது. கட்டை மேல வெரலு வழுக்கோணும், பிடிக்கக் கூடாது. கொம்புல செஞ்சு மெழுகு போட்டா ஆகும்." முப்பத்திரண்டு வருடத்தில் தன் விரலையும் ஆர்மோனியத்தையும் சேர்த்து அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் முறை. வாசித்துப் பாருங்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பேச்சு அதோடு நின்றிருக்கும்.

கடைசிப் பாட்டு, 1970இல் இரண்டாவது ஆல்பத்துக்குச் சில நிமிடங்கள் குறைகின்றன என்பதற்காக அவசர அவசரமாக அமைத்துச் சேர்த்த பாட்டு. இவர்களை உலகத்துக்குத் தெரியவைத்ததும் அதுவே. மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அது ஆரம்பித்ததும் இன்னும் மூன்று நிமிடம்தான் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே கேட்டேன், அதனாலேயே பாதியைச் சரியாகக் கேட்கவில்லை. ஓசை அடங்கியதும் ஐயோமி மற்றவர்களிடம் போனார், ஆஸி சிம்மாசனத்திலிருந்து கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், வாணவேடிக்கை வெடித்தது. நான் அழுதேன். இருபத்தெட்டு வருடமாக நைட் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்தவுடன் காதில் போட்டுக்கொண்ட இசை அது. என் அப்பா இறந்த அன்றும், மகள் பிறந்த அன்றும், ஆலை ஏழு மாதம் பூட்டிக் கிடந்தபோதும் அது இருந்தது. அந்த ஆட்கள் தங்கள் பிறந்த ஊரில், தங்கள் ஆலைகள் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், எடுத்த வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு எழுந்து போவதைப் பார்த்தேன். ஐயோமியின் அம்மா அன்று மதியம் சொன்னது நினைவுக்கு வந்தது.

வெளியே காற்று இன்னும் வீசிக்கொண்டிருந்தது. மனைவி கட்டன்காப்பி போட்டுக் கொடுத்தாள். மாமா குடித்துவிட்டு, விடிந்ததும் மாட்டுக்குத் தீவனம் போட வேண்டும் என்று கிளம்பினார்.

பதினேழு நாள் கழித்து, ஜூலை 22ஆம் தேதி, ஆஸி இறந்துபோனார். அன்று எனக்கு நைட் ஷிப்ட். மிஷின் இருக்கும் இடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால், இரண்டு மணி டீ இடைவேளையில் லாக்கரைத் திறந்தபோதுதான் ஷார்ஜா நண்பரின் மெசேஜ் வரிசையாக இருப்பதைப் பார்த்தேன். டீயை வைத்துவிட்டு ஷெட்டுக்கு வெளியே வந்து நின்றேன். வாளையார்ப் பக்கமிருந்து ஒரு கூட்ஸ் வண்டி, யானைக்காக வேகம் குறைத்து, மிக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. மணி அடித்ததும் உள்ளே போய், பஞ்ச்சில் மீதி இருந்ததைத் தேய்த்து முடித்தேன்.

அடுத்த வாரம், பர்மிங்காம் வீதிகளில் அவர் உடல் ஊர்வலமாகப் போனதையும், முன்னால் ஒரு பித்தளை வாத்தியக் குழு சபாத்தின் பாட்டை வாசித்துக்கொண்டு நடந்ததையும், குழுவின் பெயர் வைத்த பாலத்தில் ஜனங்கள் பூக்களைக் குவித்திருந்ததையும் செய்தியில் பார்த்துக்கொண்டிருந்தபோது மாமாவிடமிருந்து போன் வந்தது. அவர் சாதாரணமாகப் போன் செய்கிறவர் அல்ல.

"டிவியில காட்டறாங்க மாப்ளே. செத்தது சிம்மாசனத்துல உக்காந்து பாடுனவருதானே?"

"ஆமாங்க மாமா."

"வெரலு போனவரு நல்லா இருக்காரா?"

"இருக்காருங்க மாமா. நல்லா இருக்காரு."

"செரி" என்று சொல்லிவிட்டு வைத்தார்.